வராத சைக்கிளை யார் எண்ணுவது?

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சைக்கிள் நிற்கிறது. என் அக்கா பதினோராம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு அரசு வழங்கிய சைக்கிள் அது. முன்பக்கம் புத்தகப்பை வைக்க ஒரு கூடை உண்டு. அந்தக் கூடையில் இப்போது அம்மாவின் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. கோழிக்குச் சைக்கிள் கொடுத்த அரசு உலகிலேயே நம் அரசு ஒன்றுதான் என்று என் தம்பி கேலி பேசுவான். வீட்டில் எல்லாரும் சிரிப்போம், அக்காவைத் தவிர.

அக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊருக்குள் பால் சொசைட்டிக்கும் ரேஷன் கடைக்கும் அவள்தான் போய் வருகிறாள். ஆனால் பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். ஊர் எல்லையில் உள்ள அரசமரத்தைத் தாண்டினால் மெயின் ரோடு. அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. “அந்தப் பக்கம் சைக்கிளை எடுக்கக் கூடாது” என்று தடை போட்டவர் எங்கள் அப்பா. ‘உங்களுக்கு அந்த ரோட்டைப் பற்றி என்ன தெரியும்?’ என்று அவரைக் கேட்க முடியாது. அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவரே அவர்தான்.

இவ்வாண்டு மலருக்குப் போக்குவரத்தும் அறிவியலும் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி எங்கள் வகுப்பு சிஸ்டர் சொன்னார்கள். நான் உடனே புல்லட் ரயில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார் என்று பட்டியல் போட்டுக் காட்டினேன். சிஸ்டர் படித்துவிட்டு, “இந்த ரயில் உன் ஊருக்கு எப்போது வரும்?” என்று கேட்டார்கள். நான் விழித்தேன். பெரம்பலூருக்கு மாவட்டத் தலைநகர் என்ற பெருமை 1995 முதல் உண்டு. ரயில் நிலையம் மட்டும் இல்லை. ரயிலேற வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோ போகவேண்டும். ஆகவே அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டுத் திண்ணைச் சைக்கிளைப் பற்றி எழுதத் துணிந்தேன். போக்குவரத்து ஆராய்ச்சி என்பது புதிய வண்டியைக் கண்டுபிடிப்பது மட்டும் அன்று. யார் எங்கே போகிறார்கள், யார் போகமுடியாமல் வீட்டில் நிற்கிறார்கள் என்று கண்டறிவதும் அந்த ஆராய்ச்சியே என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

நம் பகுதியில் ஏன் இத்தனை லாரிகள்? இதற்குக் காரணம் கடல் என்று சொன்னால் கீழ் வகுப்புத் தங்கைகள் சிரிக்கக்கூடும். ஆனால் உண்மை அதுவே. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. சாத்தனூர்க் கல்மரத்தைச் சுற்றுலாவில் பார்த்தோம் அல்லவா? வாரணவாசி அருங்காட்சியகத்தில் சிப்பிகளும் நத்தை ஓடுகளும் கல்லாகிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறோம். அந்த உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. சுண்ணாம்புக்கல் இருக்குமிடத்தில் சிமெண்டு ஆலை வரும். தமிழக அரசின் ஆலை 1979-இல் அரியலூரில் தோன்றியது. தனியார் ஆலைகளும் பல வந்தன. ஆலைக்குக் கல் வேண்டும், கல்லுக்கு லாரி வேண்டும், லாரிக்கு எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் வேண்டும். எங்கள் வீட்டுச் சோறும் அந்தக் கடலிலிருந்து வந்ததே. அதனால் லாரிகளே வேண்டாம் என்று கூச்சலிட எனக்கு வாய் வராது.

இனி எண்ணிக்கையின் கதைக்கு வருகிறேன்.

1956 நவம்பர் 23-ஆம் நாள் அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. ஆற்றில் பெருவெள்ளம். 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பிற்காலத்தில் பிரதமரான அவரைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அரியலூரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒரே இரவில் அத்தனை பேர் இறந்தபோது நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தது; ஒருவர் பதிலும் சொன்னார்.

சாலையில் மனிதர் ஒருவர் இருவராக இறக்கிறார்கள். அதற்காக எந்த அமைச்சரும் பதவி விலகுவதில்லை. மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி வரும். ஆயினும் இப்போது அந்த ஒவ்வொரு விபத்தையும் எண்ண ஒரு வழி பிறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து சாலை விபத்துகளைப் பதியும் கணினி ஏற்பாடு ஒன்றை அமைத்தன. 2021-இல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திற்குப் போகும் காவலர் தம் கைப்பேசியிலேயே இடத்தையும் நேரத்தையும் வண்டிகளின் விவரத்தையும் பதிவு செய்கிறார். எந்த வளைவில் திரும்பத் திரும்ப விபத்து நடக்கிறது என்று வரைபடத்தில் தெரிந்துவிடும். அங்கே விளக்குப் போடலாம், வேகத்தடை போடலாம். மிக நல்ல ஏற்பாடு. இதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எங்கள் ஊர் அரசமரத்தடியை அந்தக் கணினி எப்படிக் காணும்? அங்கே சைக்கிளில் வந்த ஒரு மாணவிகூட அடிபட்டதில்லை. ஏன்? அங்கே சைக்கிளில் ஒரு மாணவியும் வருவதில்லை! பயந்துகொண்டு எல்லாரும் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே கணக்கில் அது நல்ல ரோடு, பத்திரமான ரோடு. நடந்த விபத்தை எண்ணுகிறவர் உண்டு. போகாமல் நின்ற பயணத்தை எண்ணுகிறவர் இல்லை. நான் சொல்லவந்தது முழுதும் இந்த ஒரு செய்திதான்.

மறைக்கல்வி வகுப்பில் காணாமற்போன ஆட்டின் உவமையைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆயரின் அன்பையே பெரிதாக நினைத்தேன். இப்போது அவருடைய கணக்கையும் நினைக்கிறேன். கண்முன் நின்ற தொண்ணூற்றொன்பதை மட்டும் எண்ணித் திருப்தியடைந்திருந்தால் ஒன்று குறைகிறது என்பதே அவருக்குத் தெரிந்திராது.

வராதவர்களை எண்ண முடியுமா? முடியும் என்று பீகார் மாநிலத்தில் காட்டியிருக்கிறார்கள். 2006-இல் அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்க ஆளுக்கு 2,000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. அதனால் உண்மையிலேயே பயன் விளைந்ததா என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த முறையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் கணக்கு டீச்சர்கூட அதை ரசித்தார்கள்.

திட்டத்திற்குப் பிறகு மாணவியர் தொகை கூடிவிட்டது, ஆகவே சைக்கிளால்தான் கூடியது என்று அவர்கள் அவசரப்படவில்லை. அந்த ஆண்டுகளில் பீகாரில் சாலைகளும் பள்ளிகளும் வேறு பலவும் மாறிக்கொண்டிருந்தன. ஆகவே அதே ஊர்களின் பையன்களைப் பார்த்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குச் சைக்கிள் இல்லை. பையன்கள் தொகை எவ்வளவு கூடியதோ அதைக் கழித்தார்கள். பிறகு பக்கத்து ஜார்க்கண்டைப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு வரை இரண்டும் ஒரே மாநிலம்; ஆனால் ஜார்க்கண்டில் இத்திட்டம் இல்லை. அங்கே மாணவியர்க்கும் மாணவர்க்கும் இடையே ஏற்பட்ட மாற்றத்தையும் கழித்தார்கள். இவ்வளவும் கழித்த பின்பு மிஞ்சியதுதான் சைக்கிளின் பங்கு. உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் தொகை 32 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தப் பயனும் பெரும்பாலும் பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே காணப்பட்டது. ஆக, அந்தப் பெண்களைத் தடுத்துவைத்தது படிப்பில் விருப்பமின்மை அன்று, தூரம்தான்.

அவ்வளவு தொலைவு போவானேன்? திருச்சிக்குத் தெற்கே இருக்கும் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார். லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். நித்யா ராவ் என்னும் ஆய்வாளரும் இதைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று எல்லாரும் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளில் குறுக்குக் கம்பியின்மேல் குழந்தையை வைத்துக்கொண்டு போனார்களாம். எங்கள் பாட்டியிடம் இதைப் படித்துக்காட்டினேன். “எங்க காலத்துல யாராச்சும் சொல்லித் தந்திருந்தா நானுந்தான் ஓட்டியிருப்பேன்” என்றார்கள்.

‘இப்போதுதான் பெண்களுக்குப் பேருந்தே இலவசம் ஆயிற்றே’ என்று பெற்றோரில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் போகிறார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டறிந்தது. எங்கள் அம்மா அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வரத் தொடங்கியதே இதன் பிறகுதான். மாணவியருக்குப் பஸ் பாஸும் உண்டு. ஆனால் பஸ் தன் நேரத்திற்கு வரும். சைக்கிள் நம் நேரத்திற்குக் கிளம்பும். பத்தாம் வகுப்பிற்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. அது முடியுமுன் எங்கள் ஊர்ப் பஸ் போய்விடும். அடுத்தது இருட்டிய பிறகே வரும். அதனால் ஸ்பெஷல் கிளாசுக்கு நில்லாமல் ஓடுகிற தோழிகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைப் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். ஒருநாள் வகுப்பில், “சைக்கிளில் வருகிறவர்கள் கை தூக்குங்கள்” என்றேன். பள்ளிக்கு அருகில் உள்ள தெருக்களில் வசிப்பவர்கள் மட்டுமே கை தூக்கினார்கள். “ரோடு பயமில்லாமல் இருந்தால் யார் யார் வருவீர்கள்?” என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு கூட்டமே எழுந்து நின்றது.

நம் மாநிலத்தின் சைக்கிள் திட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இது 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம். பீகாருக்கு முன்னோடி நாமே என்று பெருமைப்படலாம். ஆனால் இங்கே பதினோராம் வகுப்பில் தருகிறார்கள். பீகாரில் ஒன்பதாம் வகுப்பில் தந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ளூரில் படித்தவள் வெளியூர்ப் பள்ளிக்குப் போகவேண்டியது ஒன்பதாம் வகுப்பிலன்றோ? இரண்டு ஆண்டு சைக்கிளில்லாமல் சமாளித்தவளுக்குப் பரிசு கொடுப்பது போல் இருக்கிறது. சமாளிக்க முடியாமல் நின்றவளுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு எனக்கும் ஒன்று கிடைக்கும். எங்கள் திண்ணையில் இன்னொரு கோழிக்கு இடமாயிற்று!

ஏனென்றால், சைக்கிளை மட்டும் கொடுத்து ரோட்டை அப்படியே விட்டால் பயனில்லை. இதை எனக்கு விளங்கவைத்தவர் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஊர்க்கோடியில் நின்ற லாரியிடம் என்னை அழைத்துப்போனார். என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். தம்பியைச் சைக்கிளோடு லாரியின் இடப்பக்கம் முன்சக்கரத்தருகே நிற்கச் சொன்னார். “இப்போ அவன் எங்கே இருக்கான், சொல்லு” என்றார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தேன். தம்பியும் இல்லை, சைக்கிளும் இல்லை. “அக்கா, நான் இங்கேதான் இருக்கேன்” என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. கீழே நிற்கும்போது ராட்சதன் போல் தெரிகிற அந்த லாரிக்குள் ஏறி உட்கார்ந்தால் பாதிக் குருடாக இருக்கிறது. “நாங்க வேணும்னு இடிக்கிறதில்லம்மா” என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் குருட்டு இடத்தை அளக்க முடியும். லண்டன் மாநகரில் அளந்திருக்கிறார்கள். லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியோடு, ஓட்டுநர் தம் கண்ணால் நேரே எவ்வளவு பார்க்க முடிகிறது என்று கணக்கிட்டு லாரிகளுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி அந்த அனுமதி இல்லாமல் 2021 மார்ச் முதல் நகரில் ஓடமுடியாது. நட்சத்திரம் போதாத லாரி கூடுதல் கண்ணாடி, கேமரா, எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றைப் பொருத்தியாக வேண்டும். 2024-இல் விதியை இன்னும் இறுக்கினார்கள். பல்கலைக்கழக அறையில் நடந்த ஆராய்ச்சி, சட்டமாகி, தெருவில் ஒரு சைக்கிளைக் காப்பாற்றுகிறது. நம் லாரிகள் எல்லாவற்றிலும் கேமரா வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடப்பக்கம் கீழ்நோக்கிப் பார்க்க ஒரு குவிகண்ணாடி பொருத்த எவ்வளவு செலவாகிவிடும்?

பல ஊர்களில் பள்ளி நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை உண்டு. நம் ரோட்டிலும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் லாரிகளை நிறுத்தலாம் என்று முதலில் என் கட்டுரையில் எழுதினேன். அதையும் அப்பாவிடமே படித்துக்காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார். “ஒரு மணி நேரம் நின்னா ஒரு நடை போச்சு. ரெண்டு வேளையும் நின்னா ரெண்டு நடை. அந்தக் காசை யாரு தருவா?” என்றார். அவருக்கு நடைக்கணக்கில்தான் கூலி. வேகமாகப் போனால் இன்னொரு நடை அடிக்கலாம். மெதுவாகப் போனால் வீட்டில் கடன். ரோட்டில் லாரி பறப்பதற்கு ஓட்டுநரின் திமிர் காரணம் என்று நினைக்கிறோம். கூலி கொடுக்கும் முறையே அவரை விரட்டுகிறது என்பது எனக்கே அன்றுதான் புரிந்தது. தன் மகளைச் சைக்கிளில் விடப் பயப்படுகிற அதே மனிதர், இன்னொருவர் மகள் பயப்படும்படி லாரி ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் என் கருத்தை மாற்றிக்கொண்டேன். பள்ளி நேரத்தில் லாரிகள் நிற்கத்தான் வேண்டும். ஆனால் நிற்கும் நேரத்திற்கும் ஓட்டுநருக்குக் கூலி உண்டு என்று ஆக்கவேண்டும். நடைக்கூலியை மாதச் சம்பளமாக மாற்றினால் இன்னும் நல்லது. கல் வெட்டி லாபம் காண்கிறவர்கள் அந்தச் செலவை ஏற்கட்டும். ரோட்டை அகலப்படுத்தும்போது ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு தடம், இடையில் மரமோ மண்மேடோ வைத்து, பிரித்துத் தரட்டும். வெறும் வெள்ளைக் கோடு போட்டால் அதன்மேல் லாரிதான் நிற்கும். இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

மற்றபடி ஆராய்ச்சி வேண்டும். ஐ.ஐ.டி.யிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் சென்னை, கோவைப் போக்குவரத்தை ஆராய்கிற பெரியவர்கள் ஒருமுறை அரியலூர் ரோட்டிற்கும் வரவேண்டும் என்பது என் வேண்டுகோள். அவர்கள் வரும்வரை நாம் சும்மா இருக்கவேண்டுமா? நம் பள்ளியிலேயே தொடங்கலாம் என்று சிஸ்டரிடம் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சிறு தாள், மூன்று கேள்விகள். வீடு எவ்வளவு தூரம்? எதில் வருகிறாய்? பயம் இல்லாவிட்டால் எதில் வருவாய்? இரண்டாம் கேள்வியின் விடையை மூன்றாம் கேள்வியின் விடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் இதுவரை யாரும் எண்ணாத கணக்கு. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தாள்களைத் தர சிஸ்டர் இசைந்துள்ளார்கள். மொத்தக் கணக்கைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். தோழியரே, கூச்சப்படாமல் உள்ளதை எழுதுங்கள். “பயம்” என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு, “எங்களையும் ஒண்ணு கேட்கச் சொல்லும்மா” என்றார். “என்னப்பா கேட்கணும்?” என்றேன். “அந்த ரோட்டுல எந்த இடத்துல, எந்த நேரத்துல உனக்குக் கை நடுங்குதுன்னு கேளு. எல்லா டிரைவரும் சொல்லுவான்.” தாளின் பின்பக்கத்தில் அதை நான்காம் கேள்வியாக எழுதிக்கொண்டேன். அப்பா அவர் விடையை அப்போதே சொல்லிவிட்டார்: அரசமரத்தடி, காலை எட்டரை மணி.